புராடக்ட் மேனேஜரா, டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜரா? - ஒரு உப்பளத்துப் பையனின் குழப்பம்



பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தாச்சு. ஊர் அனுமந்தை. தெரியாதவர்களுக்காக: பாண்டிச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக சென்னைக்குப் போகும்போது மரக்காணத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும். பஸ்ஸில் கண் அசந்தால் எங்க ஊர் போயே போய்விடும். அடுத்து கண்ணை முழித்தால் மரக்காணம் உப்பளம்தான் தெரியும் :)

இந்த லீவில் கரும்பு கடிப்பதைத் தவிர எனக்கு ஒரு வேலை இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் ஒரு மெயிலுக்குப் பதில் போட வேண்டும். கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். இரண்டு இடத்தில் கிடைத்திருக்கிறது. ஒன்று, சென்னையில் ஒரு சின்ன கம்பெனியின் புராடக்ட் டீம். இன்னொன்று, பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் டெக்னிக்கல் புரோகிராம் டீம். பெங்களூர்க்காரர்கள் மாசத்துக்கு 15,000 ரூபாய் அதிகம் தருகிறார்கள். கல்விக்கடன் வாங்கிப் படிக்கிற வீட்டில் 15,000 என்பது விளையாட்டு இல்லை.

"பி.எம். வேலையா, டி.பி.எம். வேலையான்னு யோசிச்சிக்கிட்டு இருக்கேம்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். "பி.எம்.னா டெல்லியில இல்ல இருக்கணும்?" என்றார். அவருக்கு விளக்கிச் சொல்ல முயன்றபோதுதான் எனக்கே பாதி புரிந்தது. வகுப்பு மக்கள் நிறைய பேர் இதே கேள்வியோடு சுற்றிக்கொண்டிருப்பதால் அதை இங்கே எழுதி வைக்கிறேன். கருத்து முழுக்க என்னுடையது, திட்டுவதானால் என்னையே திட்டவும்.

முதலில் இரண்டும் என்ன?

நெட்டில் தேடினால் ஒரே வரி எல்லா இடத்திலும் கிடைக்கும். என்ன செய்வது, ஏன் செய்வது என்பதைப் பார்ப்பவர் புராடக்ட் மேனேஜர். எப்படிச் செய்வது, எப்போது முடிப்பது என்பதைப் பார்ப்பவர் டெக்னிக்கல் புரோகிராம் மேனேஜர். சரிதான். ஆனால் இதைப் படித்து யாருக்கும் எதுவும் விளங்காது. நான் உப்பளத்தை வைத்துச் சொல்கிறேன்.

கடல்நீர் உப்பளத்துக்கு வரும்போது சுமார் 3 டிகிரி இருக்கும். இந்த டிகிரி சூடு இல்லை, உப்பின் அடர்த்தி. போமே அளவு என்பார்கள். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட்டுக்கொண்டே வந்தால் 25 டிகிரி வாக்கில் உப்பு பூக்கும். அதற்கு முன்னாலேயே ஜிப்சம் படிந்துவிடும், அதைத் தனியாக விட்டுவிட வேண்டும். 29 டிகிரியைத் தாண்டவும் விடக்கூடாது. தாண்டினால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து உப்பு கசக்கும், காற்றில் ஈரம் இழுத்துக் கசியும். மிச்ச நீரை வடித்துவிட்டுப் புது நீர் பாய்ச்ச வேண்டும். எந்தப் பாத்தியிலிருந்து எந்தப் பாத்திக்கு எப்போது திறந்துவிடுவது, எத்தனை பேர் வந்தால் மழைக்கு முன்னால் வாரி முடிக்கலாம், லாரி எப்போது வரும்... ஒன்று தப்பினால் எல்லாம் தப்பும். இதெல்லாம் டி.பி.எம். வேலை.

அந்த உப்பு யாருக்கு? சமையலுக்கா, கருவாடு போடவா, தோல் பதனிடவா, கெமிக்கல் தொழிற்சாலைக்கா? கல் உப்பா, தூள் உப்பா? நேரடியாகச் சாப்பிடும் உப்பில் அயோடின் இருந்தே ஆக வேண்டும் என்று 2006-ல் மத்திய அரசு மறுபடியும் கட்டாயமாக்கியபோது, அயோடின் கலக்கும் வசதிக்குப் பணம் போடுவதா, இல்லை தொழிற்சாலைக்கு மட்டும் விற்பதா? இதெல்லாம் பி.எம். வேலை.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டாவது பத்தியில் உள்ள எந்த முடிவையும் எங்க ஆட்கள் எடுத்ததில்லை. அதை வியாபாரி எடுப்பார், அரசாங்கம் எடுக்கும். பாத்தியில் இறங்கி நிற்பவர்களுக்கு எப்படி, எப்போது என்ற இரண்டு கேள்விகள் மட்டும்தான். இந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

கொஞ்சம் வரலாறு (தூங்கிடாதீங்க!)

புராடக்ட் மேனேஜர் என்ற யோசனை சாஃப்ட்வேரில் பிறந்ததில்லை, சோப்பில் பிறந்தது. 1931-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் கேமே சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய் என்பவர் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு பிராண்டுக்கும் அதன் நல்லது கெட்டதுக்குப் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் சாரம். இன்றைய புராடக்ட் மேனேஜர்களுக்குத் தாத்தா அந்தக் குறிப்பு.

புரோகிராம் மேனேஜ்மென்ட் ஏவுகணையில் வளர்ந்தது. நாம் செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணிய பெர்ட் சார்ட் நினைவிருக்கிறதா? 1958-ல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது அது. எக்கச்சக்கமான ஒப்பந்ததாரர்கள், யார் தாமதித்தால் யார் நிற்பார்கள் என்று கணக்குப் போட ஒரு வழி தேவைப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 1958-ல் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சர் யார் தெரியுமா? அதே சோப்பு மெக்எல்ராய்! இரண்டு வேலைகளும் ஒரே ஆளின் வாழ்க்கையில் சந்தித்திருக்கின்றன.

பெயரில் ஏமாந்துவிடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்டில் பல வருடங்களாக புரோகிராம் மேனேஜர் என்ற பெயரில் இருந்தவர்களில் நிறைய பேர் செய்தது புராடக்ட் வேலை. பல கம்பெனிகளில் புராடக்ட் மேனேஜர் என்று அட்டை கொடுத்துவிட்டு, மேலே யாரோ முடிவு செய்ததை டிக்கெட் போட்டுத் துரத்தும் வேலையைத் தருகிறார்கள். இன்டர்வியூவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "போன மூன்று மாதத்தில் இந்த ஆள் சொல்லி எது கைவிடப்பட்டது?" பதில் வரவில்லை என்றால் அது பி.எம். வேலை இல்லை, அட்டை மட்டும்தான்.

எந்தத் தப்புக்கு நீங்கள் பொறுப்பு?

இப்போது என் கருத்து. இந்த இரண்டில் எது உசத்தி, எதில் சம்பளம் ஜாஸ்தி என்று கேட்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேட்க வேண்டியது: எந்த மாதிரித் தப்புக்குப் பதில் சொல்ல நீங்கள் தயார்?

ஒரு தப்பு இப்படி இருக்கும். டாடா நானோ. 2008 ஜனவரியில் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று ரத்தன் டாடா அறிமுகப்படுத்தினார். அதே வருடம் அக்டோபரில் சிங்கூரை விட்டே கிளம்ப வேண்டிய நிலை. கிட்டத்தட்ட கட்டி முடித்த தொழிற்சாலையைப் பிரித்து குஜராத்தின் சனந்துக்குக் கொண்டுபோனார்கள். இடையில் பந்த்நகரில் வைத்துக் கார் செய்து 2009-லேயே வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த இடமாற்றத்தை நடத்திக் காட்டியவர்களுக்குக் கோயிலே கட்டலாம்! ஆனால் சனந்தில் வருடத்துக்கு 2.5 லட்சம் கார் செய்ய வசதி இருந்தும், ஒரு வருடம்கூட அதில் பாதி விற்கவில்லை. சில கார்கள் தீப்பிடித்ததும் பெயரைக் கெடுத்தது. அதைவிடப் பெரிய காரணம், உலகிலேயே மலிவான கார் என்ற பெயர். ரத்தன் டாடாவே பின்னால் இதை ஒப்புக்கொண்டார். நம்ம ஊரில் கார் வாங்குவது மழையில் நனையாமல் போக மட்டுமா? நாலு பேர் பார்க்கத்தானே! "மலிவான வண்டி" என்று ஊரே சொல்லும் வண்டியில் எந்த மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குப் போவான்? வேலை கச்சிதமாக முடிந்தது, செய்த பொருள்தான் மனசில் இடம் பிடிக்கவில்லை.

இன்னொரு தப்பு இப்படி. அமெரிக்காவில் ஹெல்த்கேர்.கவ் என்ற அரசாங்க இணையதளம், 2013 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். மருத்துவக் காப்பீடு இல்லாத மக்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே காப்பீடு எடுக்கலாம். ஏன் வேண்டும், யாருக்கு வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை, முதல் நாளே லட்சக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். முழுசாகப் பதிவு செய்து முடித்தவர்கள் எத்தனை பேர்? 6 பேர்! ஏகப்பட்ட ஒப்பந்தக் கம்பெனிகள், ஆளுக்கொரு துண்டு செய்தார்கள். எல்லாத் துண்டையும் கோர்த்து முழுசாக ஓட்டிப் பார்த்தது திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால்தான். "இது தயாரில்லை, தள்ளி வையுங்கள்" என்று சொல்லும் அதிகாரத்தோடு ஒரு ஆள் இல்லை. பொருள் சரி, வந்து சேர்ந்த விதம்தான் கோளாறு.

முதல் தப்பு நடந்தால் பி.எம். தலை குனிய வேண்டும். இரண்டாவது நடந்தால் டி.பி.எம்.

கலாம் செய்தது எந்த வேலை?

நம்மில் பலர் டி.பி.எம். என்றால் மீட்டிங் போடுகிறவர், எக்செல் ஷீட்டில் பச்சை மஞ்சள் சிவப்பு அடிக்கிறவர் என்று நினைக்கிறோம். என் பதில்: அப்துல் கலாம்.

எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டுக்கு அவர் திட்ட இயக்குநர். ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்ற கேள்விக்கு விக்ரம் சாராபாய் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார்: வானிலை, தொலைத்தொடர்பு, கிராமத்துக்குத் தொலைக்காட்சி. "என்ன" என்பதும் தெளிவு: சுமார் 40 கிலோ செயற்கைக்கோளைப் பூமியைச் சுற்ற வைக்க வேண்டும். மிச்சம் இருந்தது "எப்படி, எப்போது" மட்டும்தான். அந்த "மட்டும்தான்" பல வருட உழைப்பு. நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவிலும் தன் துறையில் கலாமைவிட அதிகம் தெரிந்தவர்கள்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டா. ஏவுவதற்குச் சற்று முன் கம்ப்யூட்டர் நிறுத்தச் சொன்னது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு கசிவு. கூட இருந்த நிபுணர்கள் பார்த்துவிட்டு, கையிருப்பு போதும், போகலாம் என்றார்கள். கலாம் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். முதல் கட்டம் அருமை. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய், சில நிமிடங்களில் ராக்கெட் வங்காள விரிகுடாவில். நம்ம கடல்தான்!

அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது, "நீ போய்ப் பேசு" என்று கலாமை அனுப்பினார். கலாம் இதை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் தவானின் பெருந்தன்மையைப் பற்றிப் பேசுவோம். எனக்கு அதோடு இன்னொன்றும் தோன்றுகிறது. போகலாமா, நிற்கலாமா என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் டி.பி.எம்.முக்குச் சம்பளம். ஷீட்டில் கலர் அடிப்பதற்கு இல்லை.

எங்க கடற்கரைப் பக்கத்துக்குப் பொருத்தமான இன்னொரு ஆளும் உண்டு. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. சரிசெய்ய ரயில்வே 6 மாதம் கொடுத்தது, மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். இளம் என்ஜினியர் ஈ.ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புது கர்டர்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், கடலில் விழுந்து கிடந்ததையே தேடி எடுத்து மறுபடி ஏற்றினார். பிற்பாடு கொங்கன் ரயிலும் டெல்லி மெட்ரோவும் அவர் கையில் போனதில் ஆச்சரியமென்ன?

சரி, பி.எம். பக்கம்?

பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். கிரிஷ் மாத்ருபூதம், திருச்சிக்காரர். 2001-ல் அட்வென்ட்நெட்டில் (இப்போதைய ஸோஹோ) வாடிக்கையாளருக்கு மென்பொருளை விளக்கிக் காட்டும் பிரீ-சேல்ஸ் என்ஜினியராகச் சேர்ந்தார். வருடக்கணக்கில் வாடிக்கையாளர் எங்கே முகம் சுளிக்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் அங்கேயே புராடக்ட் மேனேஜ்மென்ட் துணைத்தலைவர் ஆனார். அமெரிக்காவிலிருந்து வீடு மாற்றி வந்தபோது அவருடைய டி.வி. உடைந்து, இழப்பீட்டுக்கு அலைந்து, கடைசியில் இணையத்தில் புலம்பிய பிறகுதான் பணம் வந்தது. அதே சமயத்தில், ஒரு போட்டிக் கம்பெனி விலையை ஏற்றியதற்கு வாடிக்கையாளர்கள் கொதிப்பதையும் படித்தார். 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க். அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது.

டி.வி. யாருக்குத்தான் உடையவில்லை? நாமாக இருந்தால் நாலு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்போம். "இது என் ஒருத்தன் பிரச்சினையா, எல்லோர் பிரச்சினையா, காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்வார்களா" என்று அடுத்த கேள்விக்குப் போகிறவர்தான் பி.எம். இன்னொன்று, அவர் முதல் நாளே பி.எம். இல்லை. காலேஜ் முடித்ததும் "மினி சி.இ.ஓ." ஆகிவிடலாம் என்று கனவு காணும் மக்களே, அந்த மினி சி.இ.ஓ.வுக்கு ஒருத்தரையும் வேலைக்கு எடுக்கவோ அனுப்பவோ அதிகாரம் கிடையாது. டெவலப்பரிடம் கெஞ்ச வேண்டும், டிசைனரிடம் கெஞ்ச வேண்டும். அதே கெஞ்சல் டி.பி.எம்.முக்கும் உண்டு. இந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி.

ஏ.ஐ. வந்துவிட்டதே?

இரண்டு பக்கமும் அடி விழுந்திருக்கிறது. 2023 ஜனவரியில் கேபிட்டல் ஒன் வங்கி, டீம்களின் வேலையை ஒருங்கிணைத்துக்கொண்டிருந்த 1,100-க்கும் மேற்பட்ட அஜைல் பணியிடங்களை ஒரே அடியாக எடுத்தது. அதே வருடம் ஏர்பிஎன்பி தலைவர் பிரையன் செஸ்கி, பழைய மாதிரி புராடக்ட் மேனேஜர் வேலையை மாற்றி மார்க்கெட்டிங்கோடு சேர்த்துவிட்டதாக மேடையிலேயே சொன்னார். கூட்டத்தில் இருந்த டிசைனர்கள் கைதட்டினார்களாம் (எவ்வளவு கோபம் பாருங்கள்!).

மீட்டிங் குறிப்பு எழுதுவது, நிலவரம் கேட்டு மெயில் போடுவது, தேவைப் பட்டியல் தட்டுவது எல்லாம் இப்போது மெஷின் செய்கிறது. இங்கே கேட்டதை அங்கே சொல்கிற தபால்காரன் வேலை செய்த பி.எம்.முக்கும் ஆபத்து, டி.பி.எம்.முக்கும் ஆபத்து. தப்பினால் "நான்தான் சொன்னேன்" என்று நிற்கக்கூடிய ஆள் இன்னும் தேவைப்படுகிறார், ஏனென்றால் மெஷினை நிற்க வைத்துக் கேள்வி கேட்க முடியாது.

நான் சொல்ல வந்த கதை

போன செமஸ்டரில் ஒரு பயிற்சி நேர்காணல். வெளியிலிருந்து வந்த ஒருவர் பத்து நிமிடம் பேசிவிட்டு அன்பாகவே சொன்னார்: "தம்பி, உங்க இங்கிலீஷுக்கு புராடக்ட் கஷ்டம். புரோகிராம் பக்கம் போங்க. ஃபாலோ-அப் பண்ற வேலை. நல்லா உழைப்பீங்க."

அன்று ஹாஸ்டலில் சாப்பிடவில்லை. இங்கிலீஷைப் பற்றிச் சொன்னது பெரிதாக வலிக்கவில்லை, அது உண்மைதான், சரி பண்ணிக்கொள்ளலாம். "நல்லா உழைப்பீங்க" என்பதுதான் வலித்தது. என்ன செய்வது, ஏன் செய்வது என்று வேறு யாராவது முடிவு செய்வார்கள், நீ பாத்தியில் இறங்கி நேரத்துக்கு வாரு. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இதைத்தானே சொன்னார்கள்?

கோபத்தில் அன்றைக்கே பி.எம். என்று முடிவு செய்தேன். ஒரு மாதம் கழித்து யோசித்தால் அதுவும் தப்பு. பயந்து டி.பி.எம். எடுப்பது எவ்வளவு முட்டாள்தனமோ, ரோஷத்தில் பி.எம். எடுப்பதும் அவ்வளவே. மேலும் அவர் சொன்னதில் விஷயமே பிழை. இருபது டீமைக் கூட்டி வைத்து, தன்னைவிட மூத்தவரிடம் "இது தயாரில்லை சார்" என்று சொல்ல வேண்டிய டி.பி.எம்.முக்குப் பேச்சு குறைவாகவா வேண்டும்? கசிவு இருக்கிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்க முடியாதவரை வைத்து ராக்கெட் விட முடியுமா?

ஆகவே எனக்கு நானே மூன்று கேள்வி கேட்டுக்கொண்டேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

1. யாரும் கேட்காமலே நீங்கள் செய்யும் வேலை எது? எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் என் ரூம்மேட் ஒருவன் இருந்தான். மைக் செட் எப்போது வரும், சாப்பாடு தாமதமானால் எந்த நிகழ்ச்சியை முன்னால் தள்ளுவது, எல்லாம் அவன் தலைக்குள் ஓடும். ஜெனரேட்டர் நின்றபோது எல்லோரும் கத்தினோம், அவன் மட்டும் இரண்டாவது ஆளுக்கு முன்னாடியே போன் போட்டு வைத்திருந்தான். பிறவி டி.பி.எம். அவனிடம் பி.எம். ஆகு என்று சொன்னால் பாவம்.

2. எந்த நிச்சயமின்மை உங்களுக்குத் தாங்கும்? டி.பி.எம்.முக்கு ஒரு நாள் முடிந்தது, முடியவில்லை என்று தெரிந்துவிடும். பி.எம்.முக்கு ஆறு மாதம் ஆனாலும் தான் சொன்னது சரியா என்று தெரியாமலே போகலாம்.

3. எந்தத் தோல்வி உங்களை இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது?

மூன்றாவதில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. இரண்டாம் வருடத்தில் ஒரு மொபைல் ஆப் செய்தேன். உப்பு மூட்டை இன்றைக்கு எந்த ஊரில் என்ன விலை என்று தமிழில் காட்டும். புராஜெக்ட்டுக்கு நல்ல மார்க், மேடையில் சால்வை வேறு. ஊருக்கு வந்து அப்பா போனிலும் அவர் கூட்டாளிகள் நாலைந்து பேர் போனிலும் போட்டுக்கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒருத்தரும் திறக்கவில்லை. அப்பா மட்டும் எனக்காக இரண்டு தடவை திறந்திருந்தார் :(

ஏன் என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார். "தம்பி, சீசனுக்கு முன்னாடியே அவருகிட்ட முன்பணம் வாங்கிட்டோம். தூத்துக்குடியில என்ன வெல போனா நமக்கின்னா? அவருக்குத்தான் போடணும், அவரு சொல்ற வெலைதான்." அடுத்து அவரே சொன்னார்: "மழை வருமா வராதான்னு முந்தின நாள் ராத்திரி சரியா சொல்ற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு. அரைப் பாத்தியாவது வாரிப்போம்."

அந்த ஆப்பில் ஒரு பிழை இல்லை. தேதி தவறாமல் முடித்தேன். ஆனால் முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நானாக முடிவு செய்திருந்தேன். இருபது வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டும் எனக்கு அது தெரியவில்லை! சிம்போசியத்தில் நான் தாமதப்படுத்திய வேலைகள் எத்தனையோ, ஒன்றும் ஞாபகம் இல்லை. இந்த ஒன்று மட்டும் இரண்டு வருடமாக மண்டையைக் குடைகிறது.

எனவே சென்னைக்கே எழுதப்போகிறேன். 15,000 ரூபாய் குறைவு. அப்பாவிடம் சொன்னேன். பாத்தியில் மழைக்குப் படிந்த சேற்றை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார், சீசனுக்கு இப்போதிருந்தே தயார் செய்ய வேண்டும். "எந்த வேலையில நீ தப்பு பண்ணா சொல்லித் திருத்துவாங்களோ அங்க போ" என்றார். இன்டர்வியூவில் அவர்களிடம் இதைக் கேட்டிருந்தேன். புது இன்டர்னை முதல் மாதம் முழுக்க வாடிக்கையாளர் போன் எடுக்க வைப்பார்களாம். திட்டு வாங்கித்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சரி என்று பட்டது.

ரூம்மேட் அந்த பெங்களூர் கம்பெனிக்கே போகிறான், அவனுக்கும் அங்கே கிடைத்திருந்தது. அவனை விட்டால் அந்த டீமுக்குத்தான் நஷ்டம்.

நீங்கள் எதை எடுத்தாலும் சரி. யாரோ உங்கள் பேச்சைக் கேட்டு, ஊரைக் கேட்டு, "உனக்கு இதுதான்" என்று கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

டிஸ்கி 1: மழை ஆப் எங்கே என்று கேட்பவர்களுக்கு: செய்துகொண்டிருக்கிறேன். இந்தத் தடவை முதலில் பத்து பேரிடம் கேட்டாகிவிட்டது. மூன்று பேர் ஆப்பே வேண்டாம், போன் அடித்துச் சொன்னால் போதும் என்கிறார்கள்.

டிஸ்கி 2: ஆறு மாதம் கழித்து "எடுத்தது தப்பு" என்று தோன்றினால் அதையும் இங்கேயே எழுதுவேன். அப்போது வந்து "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு :)